முதல்நூல், வழிநூல் உறவில் வலைப்பதிவும் அச்சுநூலும்: கனடா நாட்டு வலைப்பதிவர்களின் நூலாக்கத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

இணையத்தில் வலைப்பதிவராக எழுதத் தொடங்கிப் பின்னர் அச்சுநூல் ஆசிரியராக அறியப்பட்டோர் கனடா நாட்டில் பலர் உளர். அவர்தம் வலைப்பதிவை அச்சுநூலுக்கு முந்தைய வரைவாகக் கருதும் பார்வை பரவலாக நிலவுகிறது. இக்கட்டுரை அப்பார்வையை மறுக்கிறது. தொல்காப்பிய மரபியலும் நன்னூல் பாயிரமும் விளக்கும் முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்னும் உறவுமுறையை ஆய்வுக்கருவியாகக் கொண்டு, நீல் பஸ்ரிச்சா, கேட் பீட்டன், செல்சி வவல், கரோலின் அல்லார்ட், ஸ்டெஃபனி பெர்ல்-மக்ஃபீ முதலியோரின் நூலாக்கத்தை ஆராய்கிறது. வலைப்பதிவு தன்னளவில் நிறைவுற்ற முதல்நூல் என்பதும், அச்சுநூல் அதன் வழிநூல் என்பதும், இவ்வுறவை ஏற்பது ஆய்வுமுறையிலும் ஆவணக்காப்பிலும் மாற்றங்களை வேண்டுகிறது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: வலைப்பதிவு, அச்சுநூல், முதல்நூல், வழிநூல், தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, கனடா இலக்கியம், ஆவணக்காப்பு.

1. முன்னுரை

ஓர் எழுத்து எப்போது நூலாகிறது என்னும் வினா தமிழ் இலக்கண மரபுக்குப் புதிதன்று. நூலின் இலக்கணம், வகை, அதனை யாக்கும் முறை, அதற்குரிய பாயிரம் ஆகியவற்றைத் தொல்காப்பியமும் நன்னூலும் வரையறுத்துக் கூறுகின்றன. ஓலையிலிருந்து அச்சுக்கு நூல்கள் மாறிய காலத்தில் இவ்வினா மீண்டும் எழுந்தது. இணையத்தில் எழுதப்பட்டவை அச்சேறும் இக்காலத்தில் அது மூன்றாம் முறையாக எழுந்துள்ளது.

கனடா இவ்வாய்வுக்கு ஏற்ற களமாக அமைகிறது. ஆங்கிலம், பிரெஞ்சு ஆகிய இரு அலுவல் மொழிகளிலும் அங்கு வலைப்பதிவுகள் நூலாகியுள்ளன. தொல்குடியைச் சேர்ந்த எழுத்தாளரும், புலம்பெயர்ந்த குடும்பங்களில் பிறந்தோரும், கனடாவில் வாழும் ஈழத்தமிழரும் இவ்வழியே நூலாசிரியர்களாகியுள்ளனர். எனவே, நூலாக்கத்தின் பல்வேறு வகைகளை ஒரே நாட்டுச் சூழலில் வைத்து ஒப்பிட இயலுகிறது.

இக்கட்டுரையில் இணையப் பக்கம் முழுவதும் ‘வலைப்பதிவு’ எனவும், அதில் ஒரு நாளில் வெளியிடப்படும் தனிப்பகுதி ‘இடுகை’ எனவும், வாசகர் எழுதும் மறுமொழி ‘பின்னூட்டம்’ எனவும் குறிக்கப்படுகின்றன. பதிவர்கள் தம் பக்கங்களில் வெளியிட்ட சித்திரக் கதைகளும் இடுகை என்னும் வகையிலேயே அடக்கப்படுகின்றன.

2. ஆய்வுக்கருவியும் அதன் எல்லையும்

தொல்காப்பியம் நூலை முதல்நூல், வழிநூல் என இரண்டாகப் பகுக்கிறது. வழிநூலை யாக்கும் முறை தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நால்வகைப்படும். விரிந்து கிடந்ததைச் சுருக்குவது தொகுத்தல். சுருங்கிக் கிடந்ததை விளங்கப் பெருக்குவது விரித்தல். இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்வது தொகைவிரி. நன்னூல் இவற்றோடு சார்புநூலையும் சேர்த்து மூன்றாக்குகிறது. வழிநூல் முதல்நூலின் முடிபோடு ஒத்துச்சென்று, பின்னோன் வேண்டும் வேறுபாடுகளையும் கொண்டிருக்கும் என்பது நன்னூலார் கருத்து. சார்புநூல் முன்னைய நூல்களோடு ஒருபுடை ஒத்து, பிறவற்றில் வேறுபட்டு நிற்கும்.

இக்கருவியைக் கையாளும்போது இரண்டு எல்லைகளை மனங்கொள்ள வேண்டும். முதலாவது, தொல்காப்பியர் முதல்நூலை வினையின் நீங்கி விளங்கிய அறிவினையுடைய முனைவன் கண்டது என உயர்த்திக் கூறுகிறார். அவ்வுயர்பொருள் இங்குக் கருதப்படவில்லை. பின்னொரு நூலுக்கு மூலமாக நிற்பது என்னும் உறவுப்பொருளே கொள்ளப்படுகிறது. இரண்டாவது, முன்னோன் ஒருவன், பின்னோன் மற்றொருவன் என்னும் கருத்திலேயே இலக்கணநூலார் வழிநூலை விளக்கியுள்ளனர். வலைப்பதிவர் நூலாசிரியராகும்போது முன்னோனும் பின்னோனும் ஒருவரே. இவ்வொருமையே வலைப்பதிவை ‘வரைவு’ என எண்ணச் செய்கிறது. ஒருவரே இருமுறை எழுதினால் முன்னையது வரைவு, பின்னையது செம்மை வடிவம் எனக் கொள்வது எளிதாகிவிடுகிறது.

ஓர் எழுத்தை வரைவு என்று கூறுவதற்கு மூன்று நிலைகள் பொருந்த வேண்டும். அது வெளியிடப்படாததாக இருத்தல், வாசகரிடத்தே விளைவு எதனையும் ஏற்படுத்தாததாக இருத்தல், தனக்கென நிறைவான அமைப்பைப் பெறாததாக இருத்தல் என்பன அவை. பின்வரும் சான்றுகள் இம்மூன்று நிலைகளையும் கொண்டு ஆராயப்படுகின்றன.

3. தொகுத்தல்: நீல் பஸ்ரிச்சாவும் கியூபெக் பதிப்பு முயற்சியும்

ஒண்டாரியோ மாநிலத்தின் ஒஷாவா நகரில் பிறந்த நீல் பஸ்ரிச்சா, 2008 ஜூன் மாதம் ‘1000 ஆசம் திங்ஸ்’ என்னும் வலைப்பதிவைத் தொடங்கினார். அன்றாட வாழ்வில் மனத்துக்கு மகிழ்வூட்டும் ஆயிரம் சிறு செய்திகளை வார நாளுக்கு ஒன்றாக எழுதுவது அவர் திட்டம். மணவாழ்வின் முறிவும் நண்பர் ஒருவரின் இறப்பும் சூழ்ந்த காலத்தில் அவ்வெழுத்து வளர்ந்ததைப் பின்னாளில் பொதுமேடையில் அவரே விரித்துரைத்துள்ளார்.

இவ்வலைப்பதிவின் எண்ணுமுறை கருதத்தக்கது. முதல் இடுகை 1000 என்னும் எண்ணைப் பெற்றது. அடுத்தடுத்தவை 999, 998 எனக் குறைந்து 1 என்னும் எண்ணை நோக்கிச் சென்றன. ஆகவே தொடக்கத்திலேயே முடிவு வரையறுக்கப்பட்டிருந்தது. நாளும் ஓரெண் குறைவதைக் காணும் வாசகர் முடிவு நெருங்குவதை உணர்ந்துகொண்டே படித்தனர். தமிழில் நூறு, நானூறு, ஆயிரம் என எண்ணால் வரையறுக்கப்பட்ட நூல்களின் நெடிய மரபு உண்டு. எண்ணுவரையறை நூலுக்கு முழுமையைத் தரும் என்பதை அம்மரபில் பழகியோர் எளிதில் உணர்வர். இவ்வலைப்பதிவு தனக்கென ஓர் அமைப்பைப் பெற்றிருந்தது என்பதற்கு இதுவே போதிய சான்றாகும்.

‘தி புக் ஆஃப் ஆசம்’ என்னும் அச்சுநூல் 2010இல் வெளிவந்தது. வலைப்பதிவோ 2012 ஏப்ரலில்தான் முடிவுற்றது. முதல்நூல் முடியும் முன்பே வழிநூல் தோன்றிய அரிய நிலை இது. வரைவு முற்றுப்பெற்ற பின்னரே செம்மை வடிவம் பிறக்கும் என்னும் பொதுக்கருத்து இங்குப் பொருந்தவில்லை. அச்சுநூல் வந்த பின்னரும் வலைப்பதிவு தன் எண்வழியே சென்று தன் முடிவை அடைந்தது. அச்சுநூல் இடுகைகளிலிருந்து தெரிந்தெடுத்துத் தொகுக்கப்பட்டதாகலின், இறங்குமுகமான எண்வரிசை அதில் இடம்பெற வழியில்லை. எதிர்பார்ப்போடு நாள்தோறும் படித்த ஓர் எழுத்து, விரும்பிய பக்கத்தைப் புரட்டிப் படிக்கும் நூலாயிற்று. தொகுத்தலால் நேர்ந்த மாற்றம் அளவோடு நிற்கவில்லை. வாசிக்கும் முறையும் உடன் மாறியது.

பிரெஞ்சு மொழி வழங்கும் கியூபெக்கில் தொகுத்தல் ஒரு பதிப்புக் கொள்கையாகவே உருப்பெற்றது. வரலாற்று நூல்களுக்குப் பெயர்பெற்ற செப்டென்ட்ரியோன் பதிப்பகம் தன் ‘ஹமாக்’ பிரிவின்கீழ் வலைப்பதிவுகளை நூலாக்கும் வரிசை ஒன்றை ஏற்படுத்தி, அதற்குக் குறிப்பேடு எனப் பொருள்படும் ‘கார்னே’ என்னும் சொல்லைப் பெயரில் இணைத்தது. கரோலின் அல்லார்ட், ‘தகுதியற்ற தாய்’ என்னும் புனைபாத்திரத்தின் குரலில் குழந்தை வளர்ப்பை எள்ளலோடு எழுதிய வலைப்பதிவு, 2007இல் இவ்வரிசையில் நூலாயிற்று. மான்ட்ரியல் நகரில் இரவுப்பணி செய்த டாக்ஸி ஓட்டுநர் பியர்-லெயோன் லலோண்டின் வலைப்பதிவும் அதே ஆண்டில் நூல்வடிவம் பெற்றது.

இவ்விரு நூல்களின் பொருளும் நோக்கத்தக்கன. வீட்டில் குழந்தையோடு கழியும் பகலும், தெருவில் பயணிகளோடு கழியும் இரவும் நாட்குறிப்பு வடிவத்துக்கு இயல்பாக உரியவை. ஒவ்வொரு நாளும் முந்தைய நாள் போன்றதே, எனினும் வேறானது. பதிப்பகம் ‘குறிப்பேடு’ என்னும் பெயரை வரிசைக்கு இட்டதன் வழி, இந்நூல்களுக்கு மூலமான வடிவத்தை மறைக்காமல் வெளிப்படையாக ஏற்றது. வலைப்பதிவை முதல்நூலாக மதித்த பதிப்புச் செயல் என இதனைக் கொள்ளலாம்.

4. விரித்தல்: கேட் பீட்டனின் ‘டக்ஸ்’

நோவா ஸ்கோஷியா மாநிலத்தின் கேப் பிரெட்டன் தீவைச் சேர்ந்த கேட் பீட்டன், 2007 முதல் வரலாற்றையும் இலக்கியத்தையும் நகைச்சுவையோடு அணுகும் சித்திரக் கதைகளை இணையத்தில் வெளியிட்டார். அவை ‘ஹார்க்! எ வேக்ரண்ட்’ என்னும் தலைப்பில் 2011இல் மான்ட்ரியலின் டிரான் அண்ட் குவாட்டர்லி பதிப்பக வெளியீடாக நூல்வடிவம் பெற்றன. அது தொகுத்தல் வகையினது. அவருடைய பிந்தைய நூலே இங்கு ஆராயத்தக்கது.

பல்கலைக்கழகக் கல்விக்கடனை அடைப்பதற்காகப் பீட்டன் 2005 முதல் 2008 வரையிலான காலத்தில் ஆல்பர்ட்டாவின் எண்ணெய்மணல் சுரங்கப் பகுதிகளில் பணியாற்றினார். அவ்வனுபவத்தை 2014இல் ‘டக்ஸ்’, அதாவது ‘வாத்துகள்’ என்னும் தலைப்பில் சில பகுதிகளே கொண்ட கோட்டோவியத் தொடராக இணையத்தில் வெளியிட்டார். எண்ணெய் நிறுவனம் ஒன்றின் கழிவுநீர்த் தேக்கத்தில் இறங்கிய ஏறத்தாழ 1,600 வாத்துகள் 2008இல் இறந்த நிகழ்வு தலைப்புக்கு அடிப்படை. எட்டாண்டுகள் கழித்து 2022இல் அதே தலைப்பில் நானூறு பக்கங்களைக் கடந்த நூல் வெளிவந்தது. அந்நூல் 2023இல் ‘கனடா ரீட்ஸ்’ போட்டியில் வெற்றி பெற்றது.

இணையத் தொடரில் சுருங்கி நின்ற களம் அச்சுநூலில் விரிந்தது. ஆண்கள் பெரும்பான்மையினராக உள்ள பணியிடத்தில் ஓர் இளம்பெண் எதிர்கொண்ட துன்பங்கள், பிழைப்புக்காகக் கிழக்கிலிருந்து மேற்கே செல்லும் தொழிலாளரின் தனிமை, நிலத்துக்கும் அங்கு வாழும் தொல்குடி மக்களுக்கும் சுரங்கத்தொழிலால் நேரும் கேடு ஆகியன நூலில் ஒன்றோடொன்று பின்னிப் பிணைகின்றன. ஆயினும் முதல்நூலின் முடிபிலிருந்து வழிநூல் மாறவில்லை. வாத்துகளின் இறப்பு உலகச் செய்தியாக, அங்கு உழைத்த மனிதரின் சிதைவு செய்தியாகாமற்போன முரணே இரண்டிலும் மையம். முடிபு ஒத்தும் வேறுபாடு கொண்டும் அமைவது வழிநூல் என்னும் நன்னூல் விளக்கத்துக்கு இதனினும் பொருத்தமான சான்று காண்பது அரிது.

5. தொகைவிரி: செல்சி வவலும் சான்றாண்மை மாற்றமும்

செல்சி வவல் ஆல்பர்ட்டாவின் லாக் செயிண்ட் ஆன் பகுதியைச் சேர்ந்த மேட்டி இனத்தவர், சட்டம் பயின்றவர். அவருடைய வலைப்பதிவின் பெயர் ‘ஆபிஹ்தவிகோசிசான்’ என்பதாகும். மேட்டி இனத்தவரைக் குறிக்கும் கிரீ மொழிச் சொல் அது.

2011 இறுதியில் வட ஒண்டாரியோவின் அட்டவாபிஸ்கட் என்னும் தொல்குடி ஊர், வீட்டுவசதி நெருக்கடியால் அவசரநிலையை அறிவித்தது. 2006 முதல் அவ்வூருக்கு 9 கோடி டாலர் வழங்கப்பட்டுள்ளது என அன்றைய தலைமையமைச்சர் ஸ்டீவன் ஹார்ப்பர் கூறினார். அத்தொகை எங்கே போயிற்று என்னும் வினா நாடெங்கும் எழுந்தது. அச்சூழலில் வவல் எழுதிய இடுகை, அத்தொகை பல ஆண்டுகளுக்கு உரியது என்பதையும், வீட்டுவசதிக்கு மட்டுமன்றிக் கல்வி முதலிய பிற பணிகளுக்கும் சேர்த்தே கணக்கிடப்பட்டது என்பதையும் கணக்கு அறிக்கைகளின் துணையோடு விளக்கியது. அவ்விடுகை நாடு தழுவிய கவனத்தைப் பெற்றது. பழிப்புரை பரவிய அதே நாள்களில் மறுப்புரையும் வெளிவந்தது என்பதே அதன் ஆற்றல். அச்சுநூல் ஒன்று அவ்விரைவில் வந்திருக்க இயலாது.

வவலின் ‘இண்டிஜினஸ் ரைட்ஸ்’ 2016இல் வின்னிபெக் நகரின் ஹைவாட்டர் பிரஸ் வெளியீடாக வந்தது. தொல்குடி மாணவர்கள் பயின்ற உறைவிடப் பள்ளிகளைப் பற்றிய உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 94 செயலழைப்புகளை 2015இல் வெளியிட்டிருந்தது. ஆசிரியர்களும் பொதுமக்களும் தொல்குடியினர் வரலாற்றைக் கற்க நூல்களைத் தேடிய காலம் அது. வவலின் நூல் 31 கட்டுரைகளைக் கொண்டது. உறவுச்சொற்கள், பண்பாடும் அடையாளமும், கட்டுக்கதை தகர்ப்பு, அரச வன்முறை, நிலமும் கல்வியும் சட்டமும் உடன்படிக்கையும் என ஐந்து பகுதிகளாக அவை பகுக்கப்பட்டுள்ளன.

வலைப்பதிவில் நிகழ்வு நேர்ந்த வரிசையே எழுத்தின் வரிசை. நூலிலோ பொருள்வரிசை அமைகிறது. ‘தொல்குடியினர் வரி செலுத்துவதில்லை’, ‘அவர்களுக்கு இலவச வீடு வழங்கப்படுகிறது’ முதலிய கட்டுக்கதைகள் ஒரு பகுதியில் ஒருங்கே வைத்து ஆராயப்படுகின்றன. கட்டுரைகளின் இறுதியில் சான்றுக்குறிப்புகள் இணைக்கப்பட்டுள்ளன. சிதறிக் கிடந்தவை தொகுக்கப்பட்டன. தொகுக்கப்பட்டவை சான்றுகளால் விரிக்கப்பட்டன. இதனைத் தொகைவிரி எனல் தகும்.

இம்மாற்றத்தால் நூல் பெற்ற பயன் சான்றாண்மை ஆகும். கல்விக்கூடத்தில் பாடமாக வைப்பதற்கும் நூலகத்தில் அடுக்குவதற்கும் ஆய்வேட்டில் மேற்கோளாகக் காட்டுவதற்கும் அச்சுநூல் தகுதியுடையதாக ஏற்கப்படுகிறது. ஆனால் இங்கு ஒரு நெருடல் உண்டு. எழுத்தாலன்றி வாய்மொழியாலேயே வரலாற்றையும் சட்டத்தையும் காத்துவந்த மக்களின் குரல், அச்சேறிய பின்னரே அறிவாக ஏற்கப்படுகிறது. 2011இல் வவல் கூறிய உண்மை 2016இல் உண்மையாகவில்லை. அன்றே உண்மையாக இருந்தது. வலைப்பதிவை வரைவு எனக் கருதும் பார்வை இவ்விடத்தில் வகைப்பாட்டுப் பிழை என்னும் நிலையைக் கடந்து, ஒரு மக்களின் சான்றுரையை ஐந்தாண்டு பின்தள்ளும் அநீதியாகவும் மாறுகிறது.

6. சார்புநூலும் மொழிபெயர்ப்பும்

டொராண்டோவைச் சேர்ந்த கெரி கிளேர், ‘பிக்கிள் மீ திஸ்’ என்னும் வலைப்பதிவில் நெடுங்காலம் நூல்களைப் பற்றியும் வாழ்வைப் பற்றியும் எழுதிவருபவர். 2017இல் வெளிவந்த அவருடைய ‘மிட்ஸி பைட்ஸ்’ என்னும் புதினம், மறைபெயரில் எழுதிவந்த பெண் வலைப்பதிவர் ஒருவரின் அடையாளம் வெளிப்படும் அச்சத்தை மையமாகக் கொண்டது. இந்நூல் அவர் வலைப்பதிவின் தொகுப்போ விரிவோ அன்று. வலைப்பதிவு எழுதும் அனுபவத்தோடு ஒருபுடை ஒத்து, புனைவால் வேறுபட்டு நிற்கிறது. எனவே இதனைச் சார்புநூல் வகையில் வைக்கலாம்.

மொழிபெயர்ப்பு வகைக்கு உரிய சான்று இக்கட்டுரையின் எல்லைக்குள் இல்லை. வடிவ மாற்றத்தையும் மொழிபெயர்ப்பு என நீட்டிப் பொருள் கொண்டால் வகைப்பாட்டின் கூர்மை கெடும் என்பதால் அது தவிர்க்கப்பட்டது.

7. வழிநூலில் அடங்காதவை

முதல்நூலின் எல்லாக் கூறுகளும் வழிநூலுக்கு வந்துசேர்வதில்லை. வாராதவற்றை அறிந்தால்தான் முதல்நூலின் தனித்தன்மை புலனாகும்.

டொராண்டோவின் ஸ்டெஃபனி பெர்ல்-மக்ஃபீ, கம்பளிநூல் பின்னல் கலையைப் பற்றி ‘யார்ன் ஹார்லட்’ என்னும் வலைப்பதிவை 2004இல் தொடங்கினார். மறு ஆண்டே அப்பெயர் தாங்கிய கட்டுரைநூல் வெளிவந்தது. பஞ்சு நூலாவதையும் சொல் நூலாவதையும் நன்னூல் ஒப்பிட்டுக் காட்டியிருப்பது இங்கு நினைவுக்கு வரும். 2004 டிசம்பரில் இந்தியப் பெருங்கடலில் ஆழிப்பேரலை நேர்ந்தபோது, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு நன்கொடை வழங்குமாறு தம் வாசகரை அவர் வேண்டினார். ‘எல்லைகளற்ற பின்னற்கலைஞர்கள்’ எனப் பொருள்படும் பெயரோடு அம்முயற்சி தொடர்ந்தது. வாசகர் கூட்டம் ஒன்று எழுத்தின் வழியே செயலில் இறங்கிய நிகழ்வு இது. இந்நிகழ்வைப் பற்றி நூலில் எழுதலாம். நிகழ்வு நடந்த இடம் வலைப்பதிவே.

நூலாக்கத்தில் நீங்குவன மூன்று. முதலாவது நாள். எந்தச் செய்திக்கு மறுமொழியாக எந்நாளில் எழுதப்பட்டது என்பது பொருள்வரிசையில் மறைகிறது. இரண்டாவது பின்னூட்டம். வாசகரின் உடன்பாடும் மறுப்பும், அவற்றால் ஆசிரியர் தம் கருத்தைத் திருத்தியமையும் நூலில் காணப்படுவதில்லை. மூன்றாவது இணைப்பு. ஓர் இடுகை பிற எழுத்துகளோடு கொண்ட நேரடித் தொடர்பு அறுபடுகிறது. இவற்றுக்கு ஈடாகத் தலைப்பு, முன்னுரை, பொருளடக்கம் எனப் பாயிரத்தின் உறுப்புகளை நூல் பெறுகிறது.

பெயர் மாற்றத்தையும் இங்குக் கருத வேண்டும். ‘டிசே தமிழன்’ என்னும் பெயரில் கனடாவிலிருந்து வலைப்பதிவு எழுதியவர், ‘நாடற்றவனின் குறிப்புகள்’ என்னும் கவிதைத்தொகுப்பை 2007இல் ‘இளங்கோ’ என்னும் பெயரில் வெளியிட்டார். வலைப்பதிவுச் சூழலில் அறியப்பட்டவரான தமிழ்நதியின் ‘பார்த்தீனியம்’ புதினம் 2016இல் சென்னையிலிருந்து வெளிவந்தது. கனடாவில் எழுதப்பட்டுத் தமிழகத்தில் அச்சாகும் இத்தகு நூல்களைக் கனடா இலக்கியமாகக் கொள்வதா, ஈழத்தமிழ் இலக்கியமாகக் கொள்வதா என்னும் வினாவுக்கு அச்சுநூலின் பதிப்புப் பக்கம் மட்டும் விடைதராது. எங்கிருந்து, யாரை நோக்கி, எந்நாளில் எழுதினர் என்பதற்குரிய சான்று வலைப்பதிவிலேயே உள்ளது.

8. ஆவணக்காப்பு

கனடாவில் வெளியிடப்படும் நூலின் படிகளைத் தேசிய நூலக ஆவணக்காப்பகத்தில் ஒப்படைக்கச் சட்டம் பணிக்கிறது. 2004ஆம் ஆண்டின் சட்டம், கனடா தொடர்பான இணையப் பக்கங்களின் மாதிரிகளைச் சேமிக்கும் அதிகாரத்தையும் அக்காப்பகத்துக்கு வழங்கியது. இது முன்னோடியான ஏற்பாடு எனினும், நூலுக்குரிய ஒப்படைப்பு கடமையாகவும், இணையப் பக்கத்துக்குரியது மாதிரியெடுப்பாகவும் அமைந்துள்ள வேறுபாட்டைக் கருத வேண்டும். வழிநூல் உறுதியாகக் காக்கப்படுகிறது. முதல்நூல் வாய்ப்பிருந்தால் காக்கப்படுகிறது. ஆசிரியர் தம் பக்கத்தை நீக்கினாலோ, சேவை வழங்கிய நிறுவனம் மூடப்பட்டாலோ முதல்நூல் மறையும். வழிநூல் நிலைத்து முதல்நூல் மறைந்த இழப்பைத் தமிழ் இலக்கண வரலாறு நன்கு அறியும். பெயரளவில் மட்டும் எஞ்சிய நூல்களை உரையாசிரியர்களின் குறிப்புகளில் தேடும் நிலை இன்றும் நம்மிடம் உள்ளது.

9. முடிவுரை

இவ்வாய்வில் எட்டப்பட்ட முடிபுகள் வருமாறு:

• ஆராயப்பட்ட வலைப்பதிவுகள் வெளியிடப்பட்டவை. வாசகரிடத்தே விளைவுகளை ஏற்படுத்தியவை. பஸ்ரிச்சாவின் எண்வரிசை போன்று தமக்கென அமைப்புப் பெற்றவை. எனவே வரைவு என்னும் வகையில் அவற்றை அடக்க இயலாது.

• அச்சுநூலாக்கம் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி ஆகிய முறைகளில் நிகழ்ந்துள்ளது. சார்புநூல் என்னும் வகையும் பொருந்துகிறது. முன்னோனும் பின்னோனும் ஒருவராக இருப்பினும் வழிநூல் உறவு நிலைபெறுகிறது.

• நூலாக்கத்தால் வரிசையும் நிலைபேறும் சான்றாண்மையும் கிடைக்கின்றன; நாளும் பின்னூட்டமும் இணைப்பும் நீங்குகின்றன.

• வலைப்பதிவிலிருந்து உருவான நூலை ஆராய்வோர் இரு வடிவங்களையும் ஒப்பிட்டு நோக்குதலும், இடுகையை அதன் நாளோடு முதன்மைச் சான்றாகக் காட்டுதலும் வேண்டும். இடுகைகளைப் படியெடுத்துக் காக்கும் பொறுப்பையும் ஆய்வாளர் ஏற்க வேண்டும்.

2000க்குப் பின் தமிழில் எழுந்த வலைப்பதிவுகளையும் அவற்றிலிருந்து தோன்றிய நூல்களையும் இம்முறையில் ஆராய்தல் தொடராய்வுக்கு உரிய களமாகும். முதல்நூல்கள் இணையத்தில் கிடைக்கும் காலத்திலேயே அவ்வாய்வு தொடங்கப்பெறுதல் நலம்.